சிஎச்டி சரிபார்ப்பில் தேறுகிறது, ஆட்டத்தில் இசையும் இல்லை, காட்சியும் இல்லை: எங்கே தேடுவது?

கேள்வி: கறுப்புவட்டு

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருக்கும் பழைய பிளேஸ்டேஷன் வட்டுகளைக் கணினியில் படியெடுத்து, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மேம் எமுலேட்டர் திட்டத்தின் சிஎச்டிமேன் கருவியால் சிஎச்டி என்னும் வட்டுப்படி வடிவக் கோப்புகளாகச் சுருக்கி வைத்திருக்கிறேன். லினக்ஸ் கணினியில் ரெட்ரோஆர்க் வழியே பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோரில் (கணினியைப் பிளேஸ்டேஷனாக இயங்கவைக்கும் நிரல்) ஆடுகிறேன். பெரும்பாலானவை குறையில்லாமல் ஓடுகின்றன. மூன்று மட்டும் தொல்லை தருகின்றன.

ரிட்ஜ் ரேசர் தொடங்குகிறது, வண்டி ஓடுகிறது, எஞ்சின் ஒலியும் கேட்கிறது, ஆனால் பின்னணி இசை அறவே இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 9 ஆட்டத்தின் ஐரோப்பியப் பதிப்பு முதல் வட்டிலேயே திரை உறைந்து நின்றுவிடுகிறது. மூன்றாவது ஆட்டத்தில் இடையிடையே வரவேண்டிய வீடியோக் காட்சிகள் கறுப்புத் திரையாகவே கடந்து போகின்றன, பாத்திரங்களின் குரலும் வருவதில்லை. முதல் இரண்டையும் பின் (.bin, வட்டின் தரவு), கியூ (.cue, தடங்களின் பட்டியல்) கோப்புகளிலிருந்து சுருக்கினேன். மூன்றாவதை மட்டும் ஐஎஸ்ஓ வடிவில் எடுத்து வைத்திருந்தேன்.

மூன்று கோப்புகளுக்கும் சிஎச்டிமேனின் வெரிஃபை கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றுமே வெற்றி என்றுதான் செய்தி வருகிறது. ரிட்ஜ் ரேசரோ மூலக் கோப்புகளின் மொத்த அளவில் மிகச் சிறிய பங்காகச் சுருங்கியிருக்கிறது. சுருக்கும்போது தரவு கெடுகிறதா? சிஎச்டியை விட்டுவிட்டுப் பழையபடி பின், கியூ கோப்புகளுக்கே திரும்பிவிட வேண்டுமா? கோரை மாற்றியும் பார்த்துவிட்டேன், பயனில்லை.

மறுமொழி: செக்டர்2352

வெரிஃபை கட்டளை எதைச் சோதிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. சிஎச்டி கோப்பின் தலைப்பகுதியில், சுருக்கும் வேளையில் கணக்கிடப்பட்ட எஸ்எச்ஏ1 மதிப்பு, அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஓர் எண், பதிந்திருக்கிறது. வெரிஃபை கோப்பு முழுவதையும் விரித்து, அதே கணக்கை மறுபடி போட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது, அவ்வளவே. கருவியிடம் அன்று கொடுத்தது இன்றும் மாறாமல் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த வெற்றிச் செய்திக்குப் பொருள் கிடையாது. கொடுத்தது முழு வட்டா, பாதி வட்டா, தவறாக விவரிக்கப்பட்ட வட்டா என்பதை அது அறியாது. அரைகுறைப் படியைச் சுருக்கினால் அந்த அரைகுறைக்கே நற்சான்று கிடைக்கும்.

சுருக்கத்தின் மீது பழி போட வேண்டாம். சிஎச்டி இழப்பற்ற முறை. தரவுச் செக்டர்கள் (வட்டில் தரவு பதியும் சிறு அலகுகள்) எல்இசட்எம்ஏ அல்லது டிஃப்ளேட் வழியிலும், இசைத் தடங்கள் பெரும்பாலும் ஃபிளாக் வழியிலும் சுருங்குகின்றன. பிழைதிருத்தப் பைட்டுகளைப் பொறுத்தவரை, எந்தச் செக்டரில் அவற்றைக் கணக்கிட்டு அச்சு அசலாகத் திரும்பப் பெற முடியுமோ அந்தச் செக்டரில் மட்டும் நீக்கிவிட்டு, படிக்கும்போது மீண்டும் கட்டிக் கொடுக்கிறது. எனவே கோளாறு சுருக்கத்துக்கு முந்திய கட்டத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ரிட்ஜ் ரேசரில் எனக்கு முதலில் உறுத்துவது நீங்கள் குறிப்பிட்ட அந்தச் சிறிய அளவுதான். அந்த ஆட்டத்தின் நிரல் கன்சோலின் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. அதனால்தான் ஆட்டம் ஏறியபின் வட்டை எடுத்துவிட்டு வேறு இசை வட்டைப் போட்டு ஓட்டலாம் என்று அக்காலத்தில் பெயர் பெற்றது. வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை சாதாரண ஆடியோ சிடி போன்ற இசைத் தடங்கள். அப்படிப்பட்ட இசை ஃபிளாக்கில் பாதியளவுக்குக் கீழே இறங்குவது அரிது. மிகச் சிறிய பங்காகச் சுருங்கியது என்றால், இசை உள்ளே போகவே இல்லை என்று ஐயப்பட வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, வெரிஃபைக்குப் பதிலாக இன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். பலர் இதைத் தொடுவதே இல்லை, எனக்கோ இந்தக் கருவியில் மிகவும் பயன்படும் பகுதியே இதுதான். வரும் விவரத்தின் இறுதியில் மெட்டாடேட்டா என்று தொடங்கும் வரிகள் இருக்கும். சிடி எனில் ஒவ்வொரு தடத்துக்கும் CHT2 என்ற அடையாளத்துடன் ஒரு வரி வரும். அதில் தட எண், வகை, ஃபிரேம்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதியிருக்கும். பிளேஸ்டேஷன் வட்டின் முதல் தடம் மோட்2 ரா என்றும், பிற தடங்கள் ஆடியோ என்றும் காட்டினால் சரி. உங்களுக்கு ஒரே ஒரு வரிதான் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கியூ கோப்பைத் திறந்து படியுங்கள். அது வெறும் உரைக் கோப்பு. சிஎச்டிமேன் கோப்புறையைத் துழாவிப் பின் கோப்புகளைத் தேடிக்கொள்வதில்லை. கியூ எதைச் சொல்கிறதோ அதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதில் எழுதப்படாத தடம் அதைப் பொறுத்தவரை உலகிலேயே இல்லை. திருத்தி எழுதும்போது லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். விண்டோஸில் உருவான கியூ ஒரு பெயரைப் பெரிய எழுத்தில் குறிப்பிட்டு, கோப்பு சிறிய எழுத்தில் இருந்தால், கோப்பு இல்லை என்று கருவி நின்றுவிடும்.

மூன்றாவது ஆட்டத்தின் காரணம் நீங்கள் எழுதிய வரியிலேயே இருக்கிறது: ஐஎஸ்ஓ. சிடியின் ஒரு செக்டர் 2352 பைட். சாதாரணத் தரவுச் செக்டரில் பயனர் தரவு 2048 பைட், ஐஎஸ்ஓ எடுத்துக்கொள்வது அதைத்தான். பிளேஸ்டேஷனின் வீடியோ ஓட்டத்தில் பின்னிய ஒலியும் குரலும் மோட் 2 ஃபார்ம் 2 என்னும் வகையில் பதிக்கப்பட்டவை. அவ்வகைச் செக்டரில் பயனர் தரவு 2324 பைட் வரை செல்லும், தவிர எந்தச் செக்டர் ஒலி, எந்தச் செக்டர் படம் என்று சொல்லும் துணைத்தலைப்பும் தரவுக்கு முன்னால் தனியே இருக்கும். ஐஎஸ்ஓவாக எடுத்த கணமே அந்தத் துணைத்தலைப்பும் மிகைப் பைட்டுகளும் போய்விட்டன. இதைச் சிஎச்டியிலிருந்து மீட்க வழியில்லை, வட்டை மறுபடி ரா முறையில் 2352 பைட் செக்டர்களாகப் படியெடுத்தே ஆகவேண்டும்.

எடுத்தபின் ஏதேனும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் பின் கோப்பைத் திறந்து பார்த்தால் ஐயம் தீரும். முதல் பைட் 00, அடுத்த பத்தும் எஃப்எஃப், பன்னிரண்டாவது மறுபடி 00 என்று இருக்க வேண்டும். இது ஒத்திசைவுக் குறி. அதையடுத்து 00 02 00 02 என நான்கு பைட்டுகள் வரும்: முதல் மூன்றும் நிமிடம், நொடி, ஃபிரேம், நான்காவது மோட் எண். கோப்பின் 37657-ஆம் இடத்தில் சிடி001 என்னும் ஐந்து எழுத்துகள் தென்பட்டால், 16-ஆம் செக்டர் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று பொருள். அதே எழுத்துகள் 32769-ஆம் இடத்தில் தென்பட்டால், பெயர் பின் என்று இருந்தாலும் உள்ளே இருப்பது 2048 பைட் ஐஎஸ்ஓதான். கோப்பின் நீட்டிப்பை மாற்றிவிட்டால் வடிவமும் மாறிவிடும் என்று நம்பும் வழிகாட்டிகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன.

மறுமொழி: மெமரிகார்டு15

ஃபைனல் ஃபேன்டசி 9 பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவற்றை மேலே நண்பர் விளக்கிவிட்டார். இங்கே உங்கள் பின் கோப்பும் கியூவும் சரியாகவே இருக்கக்கூடும். ஐரோப்பியப் பதிப்புகள் பலவற்றில் லிப்கிரிப்ட் என்னும் நகல் தடுப்பு இருந்தது, இந்த ஆட்டமும் அவற்றுள் ஒன்று. வட்டின் துணைச்சேனலில் (தரவோடு இணையாகப் பதியும் கூடுதல் தகவல் பகுதி) குறிப்பிட்ட சில செக்டர்களின் இட விவரத்தை வேண்டுமென்றே பிழையாகப் பதித்து, அந்தப் பிழைகளிலிருந்து ஒரு 16 பிட் திறவுகோலை ஆட்டம் பெற்றுக்கொள்ளும். திறவுகோல் கிடைக்காவிட்டால் உடனே நிற்காமல், சிறிது தூரம் ஓடவிட்டுப் பிறகு உறையும். வட்டு கீறல் என்றும் எமுலேட்டர் கோளாறு என்றும் ஆட்கள் ஏமாந்து போவது இதனால்தான்.

துணைச்சேனலுக்கு ஒரு செக்டருக்கு 96 பைட் வீதம் சிஎச்டியில் இடம் உண்டு. ஆனால் பின், கியூ இரண்டிலும் அந்தத் தரவே இல்லாததால் அந்த இடம் வெறுமையாகவே நிரம்புகிறது. இன்ஃபோவில் சப்டைப் என்பதற்கு நேரே நன் என்று இருப்பதைக் காண்பீர்கள். தீர்வு, அந்தப் பிழைச் செக்டர்களின் பட்டியலை மட்டும் கொண்ட எஸ்பிஐ என்னும் மிகச் சிறிய கோப்பு. அதைச் சிஎச்டி இருக்கும் கோப்புறையிலேயே, நீட்டிப்பு தவிர மற்றபடி எழுத்துக்கு எழுத்து அதே பெயரில் வைக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்கு நான்கு வட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்பிஐ வேண்டும். முதல் வட்டுக்கு மட்டும் வைத்துவிட்டு, இரண்டாம் வட்டுக்கு மாறும்போது மறுபடி இதே கேள்வியுடன் வருபவர்கள் உண்டு.

நான்கு வட்டுகளின் பெயரையும் வரிசையாக எழுதி எம்3யு என்னும் உரைக் கோப்பாகச் சேமித்து அதைத் திறந்தால், வட்டு மாற்றும் வேலையும் எளிது, நான்குக்கும் ஒரே மெமரி கார்டும் கிடைக்கும். எஸ்பிஐ கோப்பின் பெயர் எம்3யுவின் பெயரோடு அல்ல, அந்தந்தச் சிஎச்டியின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை எதுவும் இல்லை.

மறுமொழி: கையடக்கம்

கையடக்கக் கன்சோலான பிஎஸ்பியின் வட்டுகளைச் சுருக்கி வைத்திருக்கிறேன், அதனால் இதே இழையில் கேட்கிறேன். பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் சிஎச்டி கோப்பைத் திறக்கிறது, ஆனால் வடிவம் உகந்ததல்ல என்ற பொருளில் எச்சரிக்கை காட்டுகிறது. சில இடங்களில் ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 1 வட்டுகளுக்குப் பயன்படுத்திய அதே கட்டளையைத்தான் இதற்கும் கொடுத்தேன்.

மறுமொழி: நிதானம்

கையடக்கம் அவர்களுக்கு முதலில். நீங்கள் கொடுத்தது கிரியேட்சிடி. பிஎஸ்பியின் வட்டான யுஎம்டிக்கும், பிளேஸ்டேஷன் 2-இன் டிவிடிக்கும் வேண்டியது கிரியேட்டிவிடி. கிரியேட்சிடி ஒவ்வொரு செக்டரையும் துணைச்சேனலோடு சேர்த்து 2448 பைட்டாகக் கணக்கிட்டு, எட்டு செக்டர்களை ஒரே துண்டாகக் கட்டிச் சுருக்குகிறது, அதாவது ஒரு துண்டு 19,584 பைட். பிஎஸ்பி ஆட்டங்கள் வட்டின் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாகப் படிப்பவை. ஒரு செக்டர் வேண்டுமென்றாலும் முழுத் துண்டையும் விரித்தாக வேண்டும் என்பதால், செயலியின் வேகம் குறைந்த போனில் அது திக்கலாகத் தெரிகிறது. கிரியேட்டிவிடி கட்டளையுடன் துண்டின் அளவை 2048 என்று குறிப்பிட்டு மறுபடி சுருக்குங்கள். கோப்பு சற்றே பெரிதாகும், எச்சரிக்கை போய்விடும்.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் எல்லா வட்டுகளும் டிவிடி அல்ல. அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடிகள், அவற்றுக்குக் கிரியேட்சிடியே சரி. எதில் எது செய்தோம் என்பது மறந்துபோனால் இன்ஃபோவில் யூனிட் அளவைப் பாருங்கள்: 2448 எனில் சிடி, 2048 எனில் டிவிடி.

அடுத்து, செக்டர்2352 சொன்னதில் ஒரு பகுதியோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெரிஃபையால் பயன் குறைவு என்ற தொனியில் எழுதியிருக்கிறார். வட்டு சரியாகப் படியெடுக்கப்பட்டதா என்பதற்கு அது சான்றல்ல என்பது உண்மைதான். ஆனால் கையடக்கக் கருவிகளில் ஆடுவோருக்குத் தொல்லை பெரும்பாலும் மெமரி கார்டில்தான் தொடங்குகிறது. மலிவான கார்டில் நகலெடுத்த கோப்பில் ஒரே ஒரு துண்டு கெட்டாலும், ஆட்டம் பல மணி நேரம் ஓடி, அந்தத் துண்டு தேவைப்படும் காட்சியில் நிற்கும். கார்டில் இருக்கும் கோப்பின் மீதே வெரிஃபையை ஓட்டினால் இது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த கார்டில் 4 ஜிபி அளவை எட்டும் கோப்பு முழுதாக ஏறாது என்பதையும் டிவிடிகளைச் சுருக்குவோர் நினைவில் வைக்க வேண்டும்.

கோர் கோப்பைத் திறக்கவே மறுத்தால் அது வேறு கதை. சிஎச்டிமேனின் புதிய வெளியீடுகளில் இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கமும் சேர்ந்திருக்கிறது. சிஎச்டியைப் படிக்க எமுலேட்டர்கள் பயன்படுத்தும் நூலகத்தின் பழைய பதிப்பைக் கொண்ட கோர்களுக்கு அது புரியாது. இன்ஃபோவில் கம்ப்ரஷன் என்ற வரியில் இசட்ஸ்டாண்டர்ட் இருந்தால், ஒன்று கோரைப் புதுப்பியுங்கள், இல்லையேல் காப்பி கட்டளையில் பழைய முறைகளான எல்இசட்எம்ஏ, டிஃப்ளேட், ஃபிளாக் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு சிஎச்டியிலிருந்து இன்னொரு சிஎச்டியை உருவாக்குங்கள். இதற்கு மூலப் பின் கோப்புகள் தேவையில்லை, தரவும் மாறுவதில்லை.

மறுமொழி: செக்டர்2352

நிதானம் அவர்கள் சொன்னது ஏற்கத்தக்கது. கார்டில் ஏற்றியபின் வெரிஃபை ஓட்டுவது நல்ல வழக்கம். நான் மறுத்தது, அதைப் படியெடுப்பின் தரச்சான்றாகக் கொண்டு வட்டைப் பரணில் போடுவதை மட்டுமே.

படியெடுப்பு சரியா என்று அறிய ரீடம்ப் தளத்தின் பட்டியலோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. அங்கே ஒவ்வொரு வட்டுக்கும் தடவாரியாக அளவும் எஸ்எச்ஏ1 போன்ற ஹாஷ் மதிப்புகளும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. மூலப் பின் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தால் அவற்றையே ஒப்பிடலாம். அழித்துவிட்டிருந்தால் எக்ஸ்ட்ராக்ட்சிடி கட்டளையால் சிஎச்டியிலிருந்து திரும்ப எடுக்கலாம். அப்போது எல்லாத் தடங்களும் ஒரே பின் கோப்பாக வந்து நிற்கும், அதைத் தடவாரி ஹாஷ்களோடு ஒப்பிட்டு, ஒன்றுகூடப் பொருந்தவில்லையே என்று கலங்க வேண்டாம். அண்மை வெளியீடுகளில் தடத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்பின் என்னும் விருப்பம் உண்டு.

ட்ரீம்காஸ்ட் கன்சோல் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, ஆனால் இன்ஃபோவைப் பற்றிப் பேசும்போது அதையும் சொல்லிவிடுவது நல்லது. அதன் ஜிடிராம் வட்டின் அடர்ந்த பகுதி 45000-ஆம் செக்டரில் தொடங்குகிறது, ஆட்டம் இருப்பதும் அங்கேதான். அவ்வட்டின் தடப் பட்டியலான ஜிடிஐ கோப்பிலிருந்து செய்த சிஎச்டியில் தட வரிகளின் அடையாளம் சிடிக்கு வருவதிலிருந்து வேறாக, ஜி எழுத்தோடு இருக்கும். கியூவிலிருந்து பழைய சிஎச்டிமேனால் செய்திருந்தால், கருவி அதைச் சாதாரண சிடி என்றே எண்ணி அந்த இடைவெளியைப் பதியாமல் விட்டிருக்கும். ஃபிளைகாஸ்ட் எமுலேட்டர் அப்படிப்பட்ட கோப்பில் ஆட்டத்தைக் காணாமல் தவிப்பதில் வியப்பில்லை. ரீடம்ப் கியூவில் ஹை டென்சிட்டி ஏரியா என்று குறிப்பு வரி ஒன்று இருக்கும். புதிய வெளியீடுகள் அதைப் படித்துப் புரிந்துகொள்கின்றன.

மறுமொழி: கறுப்புவட்டு

அனைவருக்கும் நன்றி. எஸ்பிஐ கோப்புகளை வைத்தபின் ஃபைனல் ஃபேன்டசி 9 உறைந்த இடத்தைத் தாண்டி ஓடுகிறது. ஐஎஸ்ஓவாக இருந்த ஆட்டத்தின் வட்டை ரா முறையில் மறுபடி எடுத்தேன். சிடி001 நீங்கள் சொன்ன 37657-இல் தெரிந்தது, சுருக்கியபின் காட்சிகளும் குரலும் வந்துவிட்டன.

ரிட்ஜ் ரேசரில் இன்ஃபோ ஒரே ஒரு தட வரியைத்தான் காட்டியது. படியெடுத்த நிரல் தடத்துக்கு ஒரு பின் கோப்பாகக் கொடுத்திருந்தது, ஆனால் கியூ கோப்பில் முதல் தடம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. எல்லாத் தடங்களையும் சேர்த்துக் கியூவை எழுதிச் சுருக்கினேன். இசை வருகிறது, கோப்பும் பல மடங்கு பெரிதாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி: ஒவ்வொரு பந்தயத்திலும் பாடல் உடனே தொடங்காமல், சிறிது நேரம் அமைதிக்குப் பின் தொடங்குகிறது. கன்சோலில் அப்படி இருந்ததாக நினைவில்லை. இசைத் தடங்கள் அனைத்துக்கும் இன்டெக்ஸ் 01 என்று போட்டு நேரத்தை 00:00:00 என எழுதியிருக்கிறேன்.

மறுமொழி: செக்டர்2352

அந்த அமைதி 2 நொடி அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தடத்துக்குத் தடம் தனிக் கோப்பாகப் பிரிக்கும் நிரல்கள் பல, பாடலுக்கு முந்திய இடைவெளியை அந்தத் தடத்தின் கோப்பின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகின்றன. சிடி நொடிக்கு 75 செக்டர் வீதம் ஓடுவதால் 2 நொடி என்பது 150 செக்டர். நீங்கள் எழுதிய கியூ, பாடல் கோப்பின் முதல் பைட்டிலேயே தொடங்குகிறது என்று சொல்கிறது, எமுலேட்டரும் அதை நம்பி இடைவெளியிலிருந்து இசைக்கத் தொடங்குகிறது.

ஒவ்வொரு இசைத் தடத்துக்கும் ஒரு வரிக்குப் பதிலாக இரண்டு வரிகள் வேண்டும்: முதலில் இன்டெக்ஸ் 00, நேரம் 00:00:00; அதன் கீழே இன்டெக்ஸ் 01, நேரம் 00:02:00. முதல் தடத்தைத் தொடவேண்டாம். தரவுத் தடம் என்பதால் அது இன்டெக்ஸ் 01-உடன் 00:00:00 என்றே இருக்க வேண்டும். எல்லா இடைவெளிகளும் சரியாக 2 நொடிதான் என்று நம்பி எழுதிவிடாமல், ஒன்றிரண்டு பின் கோப்புகளை ஆடாசிட்டியில் ரா தரவாக, 16 பிட், ஸ்டீரியோ, 44,100 ஹெர்ட்ஸ் என்று கொடுத்துத் திறந்து, ஒலி எந்த இடத்தில் எழுகிறது என்று அலைவடிவத்தில் பார்த்துவிடுங்கள்.

சுருக்கியபின் இன்ஃபோவில் அந்தத் தட வரிகளில் பிரிகேப் என்பதற்கு நேரே 150 என்றும், அதை அடுத்து வரும் வகையில் ஆடியோவுக்கு முன்னால் வி என்னும் எழுத்தும் இருக்க வேண்டும். அந்த எழுத்து, இடைவெளி கோப்புக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. பிரிகேப் 0 என்று வந்தால் கியூவில் இன்டெக்ஸ் 00 வரி படிக்கப்படவில்லை. அந்த வரி ஃபைல் வரிக்கும் டிராக் வரிக்கும் கீழே, இன்டெக்ஸ் 01-க்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.